வலைச்சேவையிலிருந்து மேசைச் செயலிகளை இயக்குதல்

ஒருவர் கணினி முன் அமர்ந்து பயன்படுத்துவதற்கென எழுதப்பட்ட எக்செல், வேர்டு, ஆட்டோகேட், டேலி போன்ற மென்பொருள்கள் மேசைச் செயலிகள் எனப்படும். இவற்றில் ஒன்றை வழங்கிக் கணினியில் நிறுவி, இணையம் வழியே வரும் வேண்டுகோளுக்கு ஏற்ப நிரலே அதைத் திறந்து, வேலை வாங்கி, மூடும்படி அமைப்பது வலைச்சேவையிலிருந்து மேசைச் செயலியை இயக்குதல் ஆகும். பேச்சு வழக்கில் சர்வர் எனப்படுவதே இங்கு வழங்கி எனக் குறிக்கப்படுகிறது.

இம்முறை பார்வைக்கு மிக எளியது. பத்துப் பதினைந்து வரி நிரலில் முடிந்துவிடும். ஆனால் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் ஆஃபிஸ் தொகுப்பை இவ்வாறு ஆளில்லாச் சூழலில் இயக்குவதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்கு ஆதரவு அளிப்பதும் இல்லை. 257757 என்னும் எண் கொண்ட அதன் உதவிக் கட்டுரை இதை வெளிப்படையாகவே கூறுகிறது. செயலி நிலைகுலையலாம், பாதியில் உறைந்து நிற்கலாம் என்பது அதன் எச்சரிக்கை. மேசைச் செயலி ஒவ்வொன்றும், தன் முன்னால் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்டது. வழங்கியின் முன் எவரும் இல்லை. கீழே விளக்கப்படும் சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

தேவை எழும் இடங்கள்

ஒரு கல்லூரி தன் மாணவர்களுக்கான போனஃபைடு சான்றிதழை இணையதளம் வழியே வழங்க விரும்புவதாகக் கொள்வோம். சான்றிதழின் மாதிரி ஏற்கெனவே வேர்டில் இருக்கிறது. கல்லூரிச் சின்னம், ஓரக்கோடு, கையொப்பத்திற்கான இடம் எல்லாம் அலுவலகத்தார் பலமுறை திருத்திச் சரிசெய்தவை. பெயர், பதிவெண், பிறந்த தேதி ஆகியவை மட்டும் மாணவருக்கு மாணவர் மாற வேண்டும். வழங்கியில் வேர்டை நிறுவி, மாதிரியைத் திறந்து, மூன்று இடங்களை நிரப்பி, பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து அனுப்பிவிடலாம் என்பதுதான் நிரலாளருக்கு முதலில் தோன்றும் வழி.

இன்னொரு தேவை கணக்கீடு சார்ந்தது. பல அலுவலகங்களில் சம்பளக் கணக்கோ, மதிப்பீட்டுக் கணக்கோ ஒரே எக்செல் பணிப்புத்தகத்திற்குள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து நிற்கிறது. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அதிலுள்ள வாய்பாடுகளை வேறு மொழியில் திரும்ப எழுதினால் எங்கோ ஒரு பைசா மாறிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. எக்செல்லுக்கென்றே சில வினோதங்களும் உண்டு. 1900ஆம் ஆண்டு நெட்டாண்டு அன்று; ஆயினும் எக்செல் அவ்வாண்டில் பிப்ரவரி 29 இருந்ததாகக் கணக்கிடுகிறது. லோட்டஸ் 1-2-3 என்னும் பழைய விரிதாள் மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக வேண்டுமென்றே ஏற்கப்பட்ட பிழை அது. இவற்றையெல்லாம் மறுபடி உருவாக்குவதைவிட எக்செல்லையே இயக்குவது பாதுகாப்பானது என நினைக்கத் தோன்றும்.

தமிழ் ஆவணங்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அது மாற்று வழிகள் என்னும் பகுதியில் விளக்கப்படுகிறது.

செயலிகள் ஒன்றையொன்று இயக்கும் முறை

விண்டோஸில் ஒரு செயலி மற்றொன்றை இயக்குவதற்கான அடிப்படை, காம் எனப்படும் ஏற்பாடு. 1993ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் இதை அறிமுகப்படுத்தியது. வேர்டு ஆவணத்திற்குள் எக்செல் அட்டவணையை வைத்து, அங்கேயே திருத்த முடிவதெல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்த நுட்பத்தால்தான். அதே காலத்தில் எக்செல் 5.0 பதிப்பில் மேக்ரோ எழுதுவதற்கான விஷுவல் பேசிக் மொழியும் சேர்க்கப்பட்டது. செயலி என்னும் பொருள், அதற்குள் பணிப்புத்தகங்கள், அவற்றுக்குள் தாள்கள், தாளுக்குள் கட்டங்கள். இந்தப் படிநிலையைப் பிடித்துக்கொண்டு எந்த நிரலும் எக்செல்லுக்குக் கட்டளையிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டளையிடும் நிரலும் எக்செல்லும் இரண்டு தனித்தனிச் செயல்முறைகள். நிரல் கேட்டவுடன் விண்டோஸ் எக்செல்லைத் தனியாகத் தொடங்கி வைக்கிறது. பின் இரண்டும் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. கண்ணுக்குச் சாளரம் தெரியாவிட்டாலும், முழு எக்செல்லும் நினைவகத்தில் ஏறி நிற்கிறது. உரையாடல் பெட்டிகள், பொத்தான்கள், அச்சுப்பொறி அமைப்பு எல்லாம் அதனுடன் சேர்ந்தே வருகின்றன.

1996இல் மைக்ரோசாப்டின் வலை வழங்கியான ஐஐஎஸ்ஸில் ஏஎஸ்பி எனப்படும் பக்க நிரல் முறை வந்தது. மேசைக்கணினியில் எக்செல்லைத் திறக்கப் பயன்பட்ட அதே ஒற்றை வரி, வலைப்பக்க நிரலிலும் வேலை செய்தது. தடுப்பதற்கு எதுவும் இல்லாததால், செய்யக்கூடியதெல்லாம் செய்யத்தக்கது என்றே பலர் எடுத்துக்கொண்டனர். பின்னர் 2002இல் வந்த டாட் நெட் சூழலிலும் இப்பழக்கம் தொடர்ந்தது.

ஆளில்லாத மேசை

தன் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் வழங்கியில் ஏற்றியதும் ஏன் நிற்கிறது என்பது, இத்துறையில் நுழையும் மாணவர் பெரும்பாலும் சந்திக்கும் முதல் குழப்பம். விடை எளியது. நிரலாளர் தன் கணினியில் சோதிக்கும்போது, சோதனை வலை வழங்கி அவருடைய சொந்தப் பயனர் கணக்கில், அவர் உள்நுழைந்திருக்கும் அமர்வுக்குள் ஓடுகிறது. எக்செல் ஒரு கேள்வி கேட்டால் அது திரையில் தோன்றுகிறது, அவர் சொடுக்கிவிடுகிறார். உண்மையான வழங்கியில் ஐஐஎஸ் ஒரு விண்டோஸ் சேவையாக, மனிதர் எவரும் உள்நுழையாத கணக்கில் ஓடுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை சேவைகளும் முதலில் உள்நுழைந்த பயனரும் பூச்சிய எண்ணுள்ள ஒரே அமர்வைப் பகிர்ந்துகொண்டனர். மிகுந்த அதிகாரத்துடன் ஓடும் சேவைகளின் சாளரங்களுக்கு எளிய பயனரின் நிரல்கள் செய்தி அனுப்பித் தாக்க முடிந்ததால், விஸ்டாவிலும் வழங்கிகளுக்கான 2008 பதிப்பிலும் இது மாற்றப்பட்டது. பூச்சிய அமர்வு சேவைகளுக்கு மட்டுமானது. பயனர்கள் ஒன்று முதலான அமர்வுகளில் நுழைவர். பாதுகாப்பிற்கு இது நல்ல மாற்றம். ஆனால் அதன் பின், சேவை ஒன்று தொடங்கிய எக்செல் எழுப்பும் உரையாடல் பெட்டியை எந்தத் திரையிலும் காண இயலாது. "இக்கோப்பு ஏற்கெனவே உள்ளது, மாற்றி எழுதலாமா?" என்று எக்செல் கேட்கிறது. பதில் சொல்ல ஆளில்லை. பூட்டிய அறைக்குள் ஓர் எழுத்தர் கையெழுத்துக்காகக் காத்திருப்பது போல அது காத்திருக்கிறது. வலைப்பக்கத்தில் மாணவருக்குச் சுழலும் வட்டம் மட்டும் தெரிகிறது.

எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று எக்செல்லுக்குக் கட்டளையிட வழி உண்டு. அது பல பெட்டிகளை நிறுத்தும், எல்லாவற்றையும் நிறுத்தாது. கடவுச்சொல் கேட்கும் பெட்டி, சிதைந்த கோப்பைச் சீர்செய்யலாமா என்று கேட்கும் பெட்டி, முதன்முறை திறக்கையில் உரிமத்தைச் செயல்படுத்தச் சொல்லும் பெட்டி எனப் புதிது புதிதாக முளைக்கும்.

பயனர் கணக்கு இல்லாமையின் விளைவுகள் இன்னும் நுட்பமானவை. எக்செல்லில் பக்க அமைப்பை மாற்ற வேண்டுமானால் அதற்கு ஓர் இயல்பு அச்சுப்பொறி தெரிந்திருக்க வேண்டும். சேவைக் கணக்குக்கு அச்சுப்பொறி எதுவும் அமைக்கப்பட்டிருக்காது. தாளை நீளவாக்கில் வை என்ற கட்டளையே பிழையில் முடியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பிழைச் செய்தி இல்லாமல் நிகழும் தவறு. இந்தியாவில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். சேவைக் கணக்கின் வட்டார அமைப்பு பெரும்பாலும் அமெரிக்க முறையிலேயே இருக்கும். அங்கே மாதம் முந்தி வரும். காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பை நிரல்வழி திறக்கும்போதும் எக்செல் இயல்பாக அமெரிக்க வழக்கையே பின்பற்றுகிறது. எனவே 04/05/2006 என்று கோப்பில் உள்ள மே 4, ஏப்ரல் 5 ஆகிவிடும். 25/05/2006 என்பது தப்பிவிடும். 25ஆவது மாதம் இல்லாததால் எக்செல் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. ஆக, மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்களில் பிறந்தவர்களுக்கு மட்டும் (நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் ஒழிய) தவறான பிறந்த தேதியுடன் சான்றிதழ் வரும். மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்துச் சரி என்று ஒப்புதல் தரும் அலுவலகத்தின் கண்ணில் இது படாமல் போகலாம். சான்றிதழிலும் ஆதாரிலும் பிறந்த தேதி வேறுபட்டால் ஒரு மாணவர் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கும் என்பது தமிழ்நாட்டுப் பெற்றோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒருவருக்காக எழுதப்பட்டது, பலருக்காக ஓடுவது

வலை வழங்கியின் இயல்பு, ஒரே நேரத்தில் பல வேண்டுகோள்களைக் கவனிப்பது. எக்செல்லின் இயல்பு, ஒரு நேரத்தில் ஒரு பயனரைக் கவனிப்பது. எக்செல்லுக்கு வரும் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேறும். அது வேலையில் இருக்கும்போது அடுத்த கட்டளை வந்தால், அழைப்பு மறுக்கப்பட்டது என்னும் பிழையைத் திருப்பும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எக்செல் திறந்தால் இந்த மோதல் குறையும். ஆனால் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இருநூறு பேர் ஒரே நிமிடத்தில் வந்தால் இருநூறு முழு எக்செல்கள் நினைவகத்தில் ஏறும். சாளரங்கள் முதலியவற்றுக்கு விண்டோஸ் ஒதுக்கும் நினைவகப் பகுதிக்கும் எல்லை உண்டு. 32 பிட் 2003 வழங்கிப் பதிப்பில், திரையில் தோன்றாத சேவைகளுக்கு அது இயல்பாக 512 கிலோபைட்டு மட்டுமே. நினைவகம் தாராளமாக மீதமிருந்தும் புதிய எக்செல் திறக்க மறுத்த நிகழ்வுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே எக்செல்லை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் வேறொரு கேடு வரும். மேக்ரோ பதிவு வசதியைக் கொண்டு உருவாக்கிய நிரல்களில், "இப்போது முன்னால் உள்ள தாள்" என்றே கட்டளைகள் அமைந்திருக்கும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும்போது இதில் குறையில்லை. இருவருடைய பணிப்புத்தகங்கள் ஒரே எக்செல்லில் திறந்திருந்தால், முன்னால் உள்ள தாள் யாருடையது என்பது அந்த நொடியைப் பொறுத்தது. ஒருவரின் மதிப்பெண் இன்னொருவரின் தாளில் ஏறும். சோதனையின்போது இது ஒருபோதும் தெரியாது, சோதிப்பவர் ஒருவர்தானே.

எக்செல்லை மூடுவதும் எளிதன்று. காம் முறையில் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு வைக்கப்படும். அக்கணக்கு பூச்சியமானால்தான் செயலி விடைபெறும். டாட் நெட் மொழிகளில் நினைவகத்தைத் துப்புரவு செய்வது தனக்கு வசதியான வேளையில்தான் நடக்கும். பணிப்புத்தகங்கள், அவற்றில் முதலாவது, அதன் தாள்கள் என்று ஒரே வரியில் புள்ளி வைத்துத் தொடுத்து எழுதினால், இடையில் வரும் ஒவ்வொரு பொருளும் பெயரில்லாமல் ஒரு பிடியை வைத்துக்கொள்ளும். மூடு என்று சொல்லியும் எக்செல் மூடாது. பணி மேலாளரைத் திறந்தால் வரிசையாக எக்செல் பெயர்கள் தெரியும். வேண்டுகோள் நேரம் கடந்தாலும் இதே கதிதான். டாட் நெட் வலைச்செயலிகள் இயல்பாக 110 வினாடிகளில் வேண்டுகோளைக் கைவிடுகின்றன. கைவிடப்படுவது வலைப்பக்க நிரல் மட்டும். அது தொடங்கிய எக்செல் அநாதையாக உள்ளே கிடக்கும். அது திறந்த கோப்பும் பூட்டிய நிலையிலேயே இருக்கும்.

பாதுகாப்பு

பயனர்கள் பதிவேற்றும் கோப்புகளை வழங்கியில் வேர்டு அல்லது எக்செல் கொண்டு திறப்பது, மேற்கூறிய எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா நச்சுநிரல் வேர்டு மேக்ரோவாக வந்தது. திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னையே அஞ்சல் செய்தது. அதன் பின் மேக்ரோக்களைத் திறக்குமுன் பயனரைக் கேட்கும் ஏற்பாடுகள் படிப்படியாக வலுப்பெற்றன. ஆனால் அந்த ஏற்பாடுகள் திரைக்கு முன் உள்ளவரைக் காப்பதற்கானவை. நிரல்வழி கோப்பைத் திறக்கும்போது ஆஃபிஸ் செயலிகளின் மேக்ரோப் பாதுகாப்பு நிலை, வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், எல்லா மேக்ரோக்களையும் அனுமதிக்கும் நிலையிலேயே இருக்கும். எனவே, திறக்கும்போதே ஓடும்படி எழுதப்பட்ட மேக்ரோ கொண்ட கோப்பை யாரேனும் பதிவேற்றினால், அது எந்தக் கேள்வியுமின்றி வழங்கியின் அதிகாரத்துடன் ஓடிவிடும்.

2022 முதல் மைக்ரோசாப்ட், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகத் தடுக்கிறது. இத்தடை, உலாவியோ அஞ்சல் மென்பொருளோ கோப்பின்மேல் இடும் ஓர் அடையாளத்தை நம்பியுள்ளது. வலைச்சேவை தானே வட்டில் எழுதும் கோப்பில் அந்த அடையாளம் இராது. மேக்ரோக்களை முற்றிலும் முடக்கும் அமைப்பை, கோப்பைத் திறப்பதற்கு முந்தைய வரியில் நிரலாளரே வைத்தாக வேண்டும்.

ஒட்டுவேலைகள்

இச்சிக்கல்களைச் சந்தித்த நிரலாளர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட கைவைத்தியங்கள் பல. சில நகைப்புக்கு உரியவை. 2008 வழங்கிப் பதிப்பில் எக்செல் எந்தக் கோப்பையும் திறக்க மறுத்தபோது, விண்டோஸின் உள்கோப்புறைகளில் சேவைக் கணக்குக்கு உரிய இடத்தில் டெஸ்க்டாப் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கினால் போதும் என்று ஒருவர் கண்டறிய, அது உலகெங்கும் பரவியது. ஆள் இல்லாத கணக்குக்கும் ஒரு மேசை இருக்க வேண்டும் என எக்செல் எதிர்பார்த்திருக்கிறது!

80070005 என்னும் எண்ணுடன் அனுமதி மறுப்புப் பிழை வரும்போது, காம் அமைப்புக் கருவியில் எக்செல்லை "உள்நுழைந்திருக்கும் பயனர்" பெயரில் ஓடச் செய்வது மற்றொரு மருந்து. நிர்வாகி வழங்கியில் உள்நுழைந்திருக்கும்வரை எல்லாம் நடக்கும். மாலையில் அவர் வெளியேறியதும் சேவை நின்றுவிடும். வலைச்செயலிக்கே நிர்வாகியின் அதிகாரத்தைக் கொடுத்துவிடுவது வேறொரு வழி. இது பிழையை மறைக்கும். மேலே சொன்ன மேக்ரோவுக்கு வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுக்கும். இரவு இரண்டு மணிக்கு எல்லா எக்செல்களையும் கட்டாயமாக நிறுத்தும் அட்டவணைப் பணி, இவற்றில் ஓரளவு நேர்மையானது எனலாம்.

மாற்று வழிகள்

பெரும்பாலான தேவைகளுக்கு வேர்டு வேண்டியதில்லை. வேர்டு கோப்புதான் வேண்டும். 2007 பதிப்பு முதல் ஆஃபிஸ் கோப்புகள் ஓப்பன் எக்ஸ்எம்எல் வடிவில் உள்ளன. இவ்வடிவம் 2006இல் எக்மா 376 என்ற தரமாகவும், 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்ற பன்னாட்டுத் தரமாகவும் வெளியிடப்பட்டது. வேர்டு கோப்பு ஒன்றின் பெயரில் பின்னொட்டை ஜிப் என மாற்றித் திறந்தால், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருப்பதை எந்த மாணவரும் பார்க்கலாம். ஜாவாவில் அப்பாச்சி பிஓஐ, டாட் நெட்டில் மைக்ரோசாப்டின் ஓப்பன் எக்ஸ்எம்எல் கருவித்தொகுப்பு, பைத்தானில் ஓப்பன்பைஎக்செல் போன்ற நிரலகங்கள் இக்கோப்புகளை நேரடியாகப் படித்து எழுதுகின்றன. சாளரம் இல்லை, உரையாடல் பெட்டி இல்லை, அச்சுப்பொறி தேவையில்லை. ஒரே நேரத்தில் நூறு பேருக்குச் செய்யலாம். மேலே கண்ட சான்றிதழுக்கு இதுவே போதும்.

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும்போதுதான் தமிழுக்கே உரிய தடை குறுக்கிடுகிறது. யூனிகோடில் "கெ" என்பது ககரம் முதலிலும் கொம்பு அடுத்தும் வரும்படி சேமிக்கப்படுகிறது; தாளில் கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ" என்பதில் ஒரே குறியீடு இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். "கு", "டி" போன்றவற்றில் இரு குறியீடுகள் இணைந்து ஒரே வடிவம் பெற வேண்டும். இந்த எழுத்துக்கோப்பு வேலையைச் செய்யாத எளிய பிடிஎஃப் நிரலகங்கள் குறியீடுகளை வந்த வரிசையிலேயே அச்சிடும். கொம்பு இடம் மாறி நிற்கும், துணைக்குறிகள் தனியே விழும். ஆங்கிலச் சான்றிதழில் சரியாக வந்த நிரல் தமிழ்ப் பெயரைச் சிதைப்பதைக் கண்டதும் நிரலாளர் மீண்டும் வேர்டையே நாடுவது இயல்பு. வேர்டு இதை ஒழுங்காகச் செய்யும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒழுங்காகச் செய்வது வேர்டு மட்டும் அன்று. ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற எழுத்துக்கோப்பு நிரலகம் தமிழ் உட்படப் பல எழுத்துமுறைகளைச் சரியாகக் கையாளுகிறது. லிப்ரெஆஃபிஸ் இதையே பயன்படுத்துகிறது. குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளும் அவ்வாறே. லிப்ரெஆஃபிஸைச் சாளரமின்றி ஓடும் முறையில் தொடங்கி, வேர்டு கோப்பைக் கொடுத்து, பிடிஎஃப் கோப்பைப் பெறலாம். அதுவும் ஒரு மேசைச் செயலிதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் திரை இல்லாமல் ஓடும் நிலையை அதன் ஆக்குநர்களே எண்ணி அமைத்துள்ளனர். ஒரு முன்னெச்சரிக்கை தேவை: ஒரே பயனர் அமைப்புக் கோப்புறையைக் கொண்டு இரண்டு லிப்ரெஆஃபிஸ்கள் ஒருசேர ஓட இயலாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை குறிப்பிட வேண்டும். சான்றிதழை வலைப்பக்கமாகவே வடிவமைத்து, 2017 முதல் கிடைக்கும் சாளரமற்ற குரோமைக் கொண்டு பிடிஎஃப் எடுப்பதும் நல்ல வழி. எதுவாயினும் வழங்கியில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸ் வழங்கிகளில் பெரும்பாலும் அது இராது. எழுத்துகளுக்குப் பதில் வரிசையாகக் கட்டங்கள் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன.

செயலியை ஆக்கிய நிறுவனங்களும் தேவையை உணர்ந்து வழங்கிக்கெனத் தனி வடிவங்கள் தந்துள்ளன. மைக்ரோசாப்டின் ஷேர்பாயின்ட் 2007இல் எக்செல் சேவைகளும், 2010இல் வேர்டு தானியக்கச் சேவைகளும் வந்தன. அடோபி நிறுவனத்தின் இன்டிசைன் வழங்கிப் பதிப்பு, ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் உள்பொறியை மேகக்கணினியில் ஓட்டித் தரும் சேவை ஆகியவையும் இவ்வகையின.

செயலியையே இயக்கியாக வேண்டிய இடங்கள்

சிக்கலான மேக்ரோக்கள் நிறைந்த பணிப்புத்தகம் போலச் சிலவற்றுக்கு எக்செல்லைத் தவிர வேறு வழி இராது. அப்போது செய்யத்தக்கது, வலைச்சேவையையும் எக்செல்லையும் பிரித்துவிடுவது. வலைச்சேவை வேண்டுகோளைத் தரவுத்தள அட்டவணையில் எழுதி, வங்கியில் டோக்கன் தருவது போல ஓர் எண்ணை மட்டும் உடனே திருப்பித் தர வேண்டும். வேறொரு கணினியில், உண்மையான பயனர் கணக்கு ஒன்று உள்நுழைந்திருக்கும் அமர்வில், பணியாள் நிரல் ஒன்று அந்த அட்டவணையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். அக்கணக்கில் வட்டார அமைப்பு இந்திய முறைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். அச்சுப்பொறியும் அமைந்திருக்க வேண்டும். தேதிகளை எக்செல்லின் ஊகத்துக்கு விடாமல் ஆண்டு, மாதம், நாள் எனத் தனித்தனி எண்களாகக் கொடுப்பது இன்னும் நல்லது. குறித்த நேரத்தில் எக்செல் பதில் தராவிட்டால், பணியாள் தான் தொடங்கிய எக்செல்லை மட்டும் நிறுத்தி, அந்த வேண்டுகோளைத் தோல்வி எனக் குறித்து, அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அலுவலகத் தானியக்க ரோபோக்கள் என விற்கப்படும் மென்பொருள்களும் அடிப்படையில் இப்படித்தான், ஒரு பயனராக உள்நுழைந்தே வேலை செய்கின்றன. விசைகளை அழுத்துவது போலவும் சொடுக்குவது போலவும் நடிப்பவையானால், திரை பூட்டப்பட்டதும் அவை தடுமாறும்.

உரிமமும் பார்க்கப்பட வேண்டும். ஓர் ஆஃபிஸ் பிரதியை வழங்கியில் வைத்து, ஆஃபிஸ் உரிமம் இல்லாத எல்லோருக்கும் அதன் வசதியை வழங்குவது வழக்கமான உரிம ஒப்பந்தத்தில் அடங்காது என்று மேற்குறித்த 257757ஆம் கட்டுரையே சொல்கிறது. ஆளில்லா இயக்கத்திற்கென மைக்ரோசாப்ட் தனி உரிமம் விற்கிறது.

இந்தியச் சிறுவணிகத்தில் அடிக்கடி எழும் தேவை டேலி தொடர்பானது. இணையக் கடையில் விற்பனை ஆனதும் அது டேலிக் கணக்கில் தானாக ஏற வேண்டும் என்பர். டேலி இதற்கு வாயில் ஒன்றைத் திறந்தே வைத்துள்ளது. உரிய அமைப்பைச் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் டேலி 9000ஆம் எண் துறையில் எக்ஸ்எம்எல் வடிவில் வரும் வேண்டுகோள்களை ஏற்று, வவுச்சர்களைப் பதியும். அறிக்கைகளையும் திருப்பித் தரும். சாளரத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் டேலி திறந்திருக்க வேண்டும். உரிய நிறுவனத்தின் கணக்கும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கணக்கர் மாலை ஆறு மணிக்குக் கணினியை அணைத்துவிட்டால் இரவு விற்பனை பதியாது. அதனால் இங்கும் வரிசை தேவைப்படுகிறது: விற்பனைகள் இணைய வழங்கியில் சேர்ந்து நிற்கும், மறுநாள் காலை டேலி திறந்ததும் ஒவ்வொன்றாக ஏறும். ஒரே விற்பனை இருமுறை ஏறாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருப்பது அவசியம்.

இணைய வழங்கி வெளியிலிருந்து கடைக் கணினியை அழைக்க வசதியாக, 9000ஆம் துறையை ரவுட்டரில் இணையத்திற்குத் திறந்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது நிறுவனத்தின் கணக்கேட்டைத் தெருவில் வைப்பதற்குச் சமம். கடைக் கணினியில் ஓடும் சிறு இணைப்பு நிரல் ஒன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே வெளியே சென்று புதிய விற்பனைகளைக் கேட்டு வாங்கி, அதே கணினியில் உள்ள டேலிக்குக் கொடுப்பது சரியான அமைப்பு. அப்போது வெளியிலிருந்து உள்ளே வரும் எந்த வாயிலையும் திறக்க வேண்டியதில்லை.